வீரபாகு வைத்திருந்த சங்கு

அந்தப் பெண் ‘சங்கு’ என்ற சொல்லை என் மில்லில் வைத்துச் சொல்லியிருக்கக் கூடாது. வேறு எங்கே வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். பஸ் ஸ்டாண்டில் சொல்லியிருந்தால் ஒருத்தரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். என் மாவு மில்லில், அதுவும் சனிக்கிழமைக் காலையில், மல்லியும் மிளகாயும் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிற நேரத்தில் சொன்னால், தெருவுக்கே மைக் வைத்துச் சொன்ன மாதிரிதான்.

ஆனி மாதம். கச்சான் காற்று தெருமண்ணை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கதவில் ஒரு பாதியைச் சாத்திவிட்டு மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. கர்நாடகா நம்பர். இறங்கின பெண்ணுக்கு முப்பது, முப்பத்தைந்து இருக்கும். பருத்திச் சேலை, தோளில் கேமராப் பை. மிளகாய் நெடியில் நாலைந்து தும்மல் போட்டுவிட்டு, “ஸாரிம்மா. இங்க வீரபாகுன்னு ஒருத்தர், கோலார் தங்கவயல்ல வேலை பார்த்தவர், அவர் வீடு எது?” என்றாள்.

“அவிய செத்துப்போயி மூணு வருசம் ஆச்சே. நீங்க யாரு?”

“தெரியும்மா. அவர் வச்சிருந்த சங்கு விஷயமா வந்திருக்கேன். இப்ப அது யார்கிட்ட இருக்குன்னு தெரியுமா?”

நான் மிஷினை நிறுத்தினேன். நான் செய்தது அவ்வளவுதான், மாதாவே சாட்சி. மிஷின் நின்றதும் ஒவ்வொருத்தி கண்ணும் இன்னொருத்தியைப் பார்த்தது. ஒருத்தி மல்லியை அப்படியே போட்டுவிட்டு, “இந்தா வந்திருதேன்” என்று எழுந்து போனாள். எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரியாதா? எதிர்த்த வீடு வீரபாகு அண்ணன் பெண்டாட்டி செண்பகக்கா வீடு. மாடியில் அவள் மூத்த மருமகள் முத்துச்செல்வி துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். இவள் கீழே நின்று கையை ஆட்டினதும் அவள் துணியைப் போட்டுவிட்டு போனை எடுத்தாள்.

இனி, விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு சங்குக்கு இத்தனை ஆட்டமா என்று நினைப்பீர்கள்.

வீரபாகு அண்ணன் சின்ன வயசிலேயே தங்கவயலுக்குப் போய் மைன்ஸில் சேர்ந்தவர். செண்பகக்காவைக் கட்டி அங்கே லைன் வீட்டில் குடிவைத்தார். பையன்கள் இரண்டு பேரையும் படிப்புக்காக இங்கே தூத்துக்குடியில் மாமா வீட்டில் விட்டுவிட்டார்கள். மைன்ஸை மூடினபோது அண்ணன் ஒரு டிரங்குப் பெட்டியோடும் பெண்டாட்டியோடும் திரும்பி வந்தார். வந்த அன்றைக்கே தெரு பேச ஆரம்பித்துவிட்டது. தங்கம் தோண்டினவன் சும்மா வருவானா? பெட்டிக்குள் என்ன? மாடி எடுத்தால் தங்கம், பைக் வாங்கினால் தங்கம், அக்கா காதில் புதுக் கம்மல் மின்னினால் தங்கம். அந்த மாடி அக்கா மசாலாப்பொடி விற்ற காசில் எழும்பியது என்று எனக்குத் தெரியும். அவ்வளவு மிளகாயையும் அரைத்துக் கொடுத்தவள் நான். நான் சொன்னால் யார் கேட்டார்கள்? “உனக்கு எவ்வளவு குடுத்தா?” என்று என்னையே கேட்டார்கள்.

அண்ணனுக்குக் கடைசியில் பக்கவாதம். வாய் ஒரு பக்கம் இழுத்துவிட்டது. போவதற்கு முந்தின நாள் பிள்ளைகள் இரண்டு பேரும் பக்கத்தில் இருக்கிறார்கள், நானும் கஞ்சித் தண்ணீரோடு நிற்கிறேன். கையைத் தூக்கித் தூக்கி, “சங்கு… சங்கு இருக்கு… பத்திரம்… வச்சிருக்கு…” என்றார். அதற்கு மேல் நாக்கு புரளவில்லை.

அது போதாதா? தூத்துக்குடியில் சாகப் போகிறவன் சங்கு இருக்கு, பத்திரம் என்றால் என்ன அர்த்தம்? வலம்புரி. இடம்புரிச் சங்கு கடலில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். வலம்புரி அகப்பட்டவன் தலையெழுத்தே மாறிவிடும் என்று இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அதற்குத் தோதாக அண்ணனுக்கு ஒரே சிநேகிதன் டிக்சன், திரேஸ்புரத்தில் கடலுக்குள் மூழ்கிச் சங்கு குளித்தவர். தினமும் சாயங்காலம், அக்கா பொடி விற்கப் போனதும், இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கருமாதி முடிந்த மறுநாள் டிக்சன் ஒரு துணிப்பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த வீட்டிலிருந்து போனதைத் தெருவில் பாதிப்பேர் பார்த்தோம்.

செண்பகக்கா அப்போதே சொன்னாள். “மைன்ஸ்ல ஊதுத சங்கத்தாம்லே சொல்லியிருப்பாரு. வேலைக்கு நேரமாச்சுன்னு உளறியிருக்காரு. அங்கன சங்கு ஊதுனாத்தான் பொழுது விடியும், சங்கு ஊதுனாத்தான் உலை வைப்போம்.”

சின்னவன் செந்தில்வேல் சிரித்தான். “ஏம்மா, மைன்ஸ் சங்க வீட்டுக்குள்ள பத்திரமா வைக்க முடியுமா? யாருக்குக் காது குத்துத?”

மில் சங்கு கேட்டு வளர்ந்த ஊர்தான் இது. சங்கு என்றால் இரண்டும்தான் என்று அவனுக்கும் தெரியும், அவன் அண்ணன் வேல்ராஜுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? மனசு எதைக் கேட்க ஆசைப்படுகிறதோ அதைத்தானே காது கேட்கும். வேல்ராஜ் நடத்துவது கடல்பொருள் கடை. திருச்செந்தூர் போகிறவர்களுக்குப் பெயர் செதுக்கின சங்கும் சிப்பி மாலையும் விற்கிறவன். அவன் கையில் வலம்புரி கிடைத்தால் சத்தமில்லாமல் விற்றுவிடுவான் என்று சின்னவனுக்குச் சந்தேகம். அம்மாவுக்குச் சின்னவன் மேல்தான் உயிர், அவனிடம் கமுக்கமாகக் கொடுத்துவிட்டாள் என்று மூத்தவனுக்குச் சந்தேகம். ஒருநாள் செண்பகக்கா என்னிடம் மாவு திரிக்க வந்திருந்த நேரத்தில் வேல்ராஜ் அடுப்படித் தரையை உடைத்துப் பார்த்துவிட்டான். திரும்பிப் போனால் அடுப்பு ஒரு பக்கம், மண் ஒரு பக்கம். சிமெண்டு பூசினார்கள், ஆனால் அந்த இடம் மேடாகிவிட்டது. இன்றைக்கும் அங்கே பானை வைத்தால் ஆடும்.

அக்கா கற்பூரத்தை ஏற்றி அடித்துச் சத்தியம் செய்தாள். “எங்கிட்ட ஒரு சங்கும் இல்லலே. உங்க அப்பா மேல சத்தியம்.” நம்புவார்களா? மாடியில் முத்துச்செல்வி தனி அடுப்பு வைத்தாள். வேல்ராஜ் அம்மாவைத் தாண்டி மாடிப்படி ஏறுவான், “சாப்பிட்டியா” என்று கேட்க மாட்டான். செந்தில்வேல் துறைமுகத்துக் கண்டெய்னர் யார்டில் வேலை பார்த்துக்கொண்டு, இங்கே பக்கத்திலேயே இருக்கிற புதுக்கோட்டையில் வாடகைக்குப் போனான். அங்கேயிருந்து இங்கே வர எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு பொங்கலுக்குக்கூட வரவில்லை. போன பொங்கலுக்கு அக்கா பொங்கிவைத்துவிட்டு என் மில் வாசலில் வந்து உட்கார்ந்து, “ஏளா ஈவா, எனக்குத் தங்கமும் வேண்டாம், சங்கும் வேண்டாம். ரெண்டு பயலும் ஒரு நேரம் எங்கையால ஒண்ணா சாப்பிட்டா போதும்ளா” என்று அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற தாயைத் திருடி மாதிரிப் பார்க்கிற பயல்களுக்கு விளக்குமாறு பிய்ய நாலு போட்டால் என்ன என்று இருந்தது.

இந்த வீட்டுக்குத்தான் கர்நாடகாக் கார்க்காரி சங்கு கேட்டு வந்திருக்கிறாள்.

மில்லை அப்படியே போட்டுவிட்டு நானே கூட்டிக்கொண்டு போனேன். அக்காவை அந்தக் கூட்டத்தில் தனியாக விட முடியுமா? அக்கா கீரிச்சாளை மீனை அலசிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் செதில். நாங்கள் உட்காரவில்லை, அதற்குள் வேல்ராஜ் கடையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டான். நெற்றியில் வியர்வை, கையில் பூட்டுச்சாவி. அவன் பின்னால் முத்துச்செல்வி. வந்தவள் பெயர் பத்மப்ரியா என்றாள். தாத்தா ஆழ்வார்திருநகரியிலிருந்து தங்கவயலுக்குப் போய் அங்கே பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவராம். இவள் பெங்களூரில் இருக்கிறாள்.

“நாங்க பத்துப் பன்னெண்டு பேர் சேர்ந்து ஊரோட பழைய பொருளெல்லாம் சேர்க்கறோம். மைன்ஸ்ல வேலை பார்த்தவங்களோட பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அங்க ஒரு பழைய வீட்டைச் சரிபண்ணி வைக்கறோம்.” சொல்லிக்கொண்டே பையிலிருந்து வெள்ளைக் கையுறையை எடுத்து மாட்டினாள்.

முத்துச்செல்வி என் காதில், “யக்கா, ரெய்டு போல இருக்கு. கைரேகை படாம எடுக்கத்தான் உறை” என்றாள்.

“எதுக்குங்க உறை?” என்று வேல்ராஜ் கேட்டான்.

“பழைய பொருள் பாருங்க. கை எண்ணெய் படக் கூடாது.”

வாசலில் பைக் சத்தம். செந்தில்வேல். யார்டு சட்டையைக்கூடக் கழற்றவில்லை. அவனுக்கு யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை, என் மில்லிலிருந்து புதுக்கோட்டைக்கு ஒரு செய்தி போக எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கே தெரியும். கிட்டத்தட்ட மூன்று வருஷத்துக்கு அப்புறம் அந்த வீட்டு வாசற்படியில் கால் வைக்கிறான். அக்கா செதில் கையோடு எழுந்து நின்றாள். “வாலே… வா. உக்காரு” என்றாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் நேராகப் பத்மப்ரியாவைப் பார்த்தான்.

“எந்தப் பார்ட்டி உங்கள அனுப்புச்சு?”

“பார்ட்டியா? நாங்க கட்சியெல்லாம் இல்லைங்க.”

“அதச் சொல்லல. வாங்குத பார்ட்டி.”

“நாங்க வாங்க வரலை. உங்க அப்பாகூட வேலை பார்த்த ஒருத்தர் அங்க இருக்கார். அவர்தான் சொன்னார், வீரபாகுகிட்ட சங்கு இருக்கு, ஊருக்குப் போகும்போது கொண்டுபோயிட்டார்னு.”

“கேட்டியாலே?” என்றான் வேல்ராஜ். தம்பியிடம் அவன் பேசின முதல் வார்த்தை. “அங்க இருந்தே கொண்டாந்திருக்காரு.”

“நாங்க அதை ஒரு தடவை கேட்டுப் பார்க்கணும்” என்றாள் பத்மப்ரியா. “கேட்டாத்தான் அது நிஜமாவே அதுதானான்னு தெரியும்.”

வேல்ராஜ் தலையை ஆட்டினான். வலம்புரியைக் காதில் வைத்துக் கேட்டுத்தான் நல்லது கெட்டது பார்ப்பார்கள். விஷயம் தெரிந்தவள்தான் என்று அவன் முகம் சொன்னது.

“கேட்டுப் பாத்துட்டு?” என்றான் செந்தில்வேல்.

“ஒரு காப்பி எடுத்துக்கறோம். ஒரிஜினலை உங்ககிட்டயே குடுத்திடுவோம்.”

“டூப்ளிகேட்டா? எத வச்சுகிட்டு எதத் திருப்பிக் குடுப்பிய? நாங்க என்ன கோட்டிக்காரப் பயலுவளா? வலம்புரிக்கு எவனாவது காப்பி எடுப்பானா?” வேல்ராஜ் கத்தியதில் தெருவில் நின்றவர்கள் வாசல்வரை வந்துவிட்டார்கள்.

பத்மப்ரியா அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “வலம்புரியா? எந்த வலம்புரி?” என்றாள். பாவம், உண்மையிலேயே விளங்கவில்லை அவளுக்கு. “நான் மைன்ஸ் சங்கைச் சொல்றேங்க. ஷிப்ட் சங்கு. கடைசி நாள் சங்கு ஊதினப்ப உங்க அப்பா டேப்ரிக்கார்டரைத் தூக்கிட்டுப் போய் சுரங்கத்துக்குள்ள இறங்கற ஷாப்ட் பக்கத்துல வச்சு அதைப் பதிவு பண்ணினாராம். அந்தக் கேசட்டைத்தான் கேட்கறேன்.”

மறுபடி மீன் அலச உட்கார்ந்திருந்த அக்காவின் கை மீனோடு சட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது.

“அந்தச் சங்கை இரும்புக்குப் போட்டுட்டாங்க” என்று பத்மப்ரியா சொன்னாள். “எங்ககிட்ட தொப்பி இருக்கு, விளக்கு இருக்கு, போட்டோ நிறைய இருக்கு. ஊரே அந்தச் சத்தத்துலதான் எழுந்திரிச்சு, அந்தச் சத்தத்துலதான் படுத்துது. ஆனா அந்தச் சத்தம் யார்கிட்டயும் இல்லை. எங்க அப்பாவைக் கேட்டா வாயாலயே ஊதிக் காட்டறார். உங்க அப்பா ஒருத்தர்தான் அதை வச்சிருந்திருக்கார்.”

“சங்கு இருக்கு, பத்திரம்” என்றாள் அக்கா மெல்ல. “அந்தப் பாட்டுப் பொட்டியத் தூக்கிட்டு எங்கியோ போனாரு அன்னைக்கு. மழைக்கோட்டப் போட்டு மூடிகிட்டு. நான் சிலோன் ரேடியோ கேக்கப் போறாருன்னுல்லா நெனச்சேன்.” பிறகு பிள்ளைகளைப் பார்த்தாள். “நான் சொன்னேம்லாலே? மைன்ஸ் சங்குன்னு சொன்னேம்லா?”

செந்தில்வேல்தான் முதலில் வாயைத் திறந்தான். “கேசட்டுன்னா அது எங்க?”

“டேப்ரிக்கார்டர டிக்சன்லா தூக்கிட்டுப் போனாரு. அப்பா நெனப்புக்குன்னு கேட்டாரு, கொண்டு போங்கன்னு நாந்தான் துணியில சுத்திக் குடுத்தேன்.”

தெருவே பார்த்த அந்தத் துணிப்பொட்டலம். மூன்று வருஷமாக அதைப் பற்றி டிக்சனிடம் ஒரு வார்த்தை கேட்டதுண்டா? இல்லை. கேட்டால் உஷாராகிவிடுவான் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவர் வீட்டுப் பக்கம் போய் வேவு பார்த்தார்கள், அவர் பேரனுக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்து விசாரித்தார்கள், நேரே போய்க் கேட்க மட்டும் ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை.

“நான் போயி வாங்கியாறேன்” என்று வேல்ராஜ் எழுந்தான்.

“நீ ஏன் போற? நான் போறேன்” என்று செந்தில்வேல் சாவியை எடுத்தான்.

“நீ ஒத்தையில போவ வேண்டாம்.”

“நீயும் ஒத்தையில போவ வேண்டாம்.”

கடைசியில் இரண்டு பேரும் ஒரே பைக்கில் போனார்கள். தம்பி ஓட்ட, அண்ணன் பின்னால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு. பள்ளிக்கூடம் போகிற வயசில் அவர்கள் சைக்கிளில் அப்படிப் போனதைப் பார்த்திருக்கிறேன், அதற்குப் பிறகு இன்றைக்குத்தான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்கா சிரிக்கவில்லை. பைக் திருப்பத்தில் மறைகிறவரை வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே வந்து சட்டியிலிருந்த மீனோடு இன்னும் கொஞ்சம் எடுத்துப் போட்டாள். “இவ்வளவு எதுக்கு யக்கா?” என்றேன். “இருக்கட்டும்ளா” என்றாள்.

பத்மப்ரியா அவளிடம் தங்கவயல் கதை கேட்டாள். அக்கா அம்மியில் தேங்காயை அரைத்துக்கொண்டே சொன்னாள். அங்கே குளிர் எப்படி இருக்கும், லைன் வீட்டில் ஒரு வீட்டுக் குழம்பு வாசனை எப்படிப் பத்து வீட்டுக்குப் போகும், தங்கம் பிரித்த பிறகு மிஞ்சின வெள்ளை மண் மலைமலையாக எப்படிக் குவிந்து கிடக்கும். “சங்கு நேரத்துக்கு ஊதுனா தூக்குவாளிய எடுத்துக் குடுப்போம். நேரந்தப்பி ஊதுனா, உள்ள என்னமோ ஆயிப்போச்சுன்னு அர்த்தம். கைவேலையப் போட்டது போட்டபடி எல்லாப் பொம்பளையும் ஷாப்ட் வாசலுக்கு ஓடுவோம். உள்ள போனவன் ஒவ்வொருத்தனா கூண்டு மாதிரி இருக்குத கேஜ்ல ஏறி வருவான். நம்ம ஆளு மொகம் தெரியுத வரைக்கும் உசிரு இருக்காது பாத்துக்கிடுங்க.”

இத்தனை வருஷம் பழகியும் என்னிடம் அவள் இதைச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. நானும் பெட்டிக்குள் என்ன என்றுதான் கேட்டிருக்கிறேன் போல.

பைக் திரும்பி வந்தது. இப்போது மூன்று பேர். நடுவில் டிக்சன், மடியில் துணிப்பொட்டலம். முன்னால் இருக்கிறவன் பின்னால் இருக்கிறவனை நம்பவில்லை, பின்னால் இருக்கிறவன் முன்னால் இருக்கிறவனை நம்பவில்லை, அதனால் பொருளோடு ஆளையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். டிக்சனுக்குக் குளித்துக் குளித்து இரண்டு காதும் போய்விட்டது. அதனால் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்வார்.

“சங்கா? எங்கிட்டத்தான் இருக்கு! ஒருத்தனும் கேக்கலயே!” என்று வாசலில் நின்று கத்தினார். தெரு முழுக்கக் கேட்டது. “டெய்லி சாயந்திரம் சத்தத்தக் கொறச்சு வச்சுப் போட்டுக் காட்டுவாரு. வேற பாட்டு எதுவும் எனக்குக் கேக்காது. இது மட்டும் கொஞ்சம் கேக்கும். பொட்டிய நெஞ்சோட சேத்து வச்சுக்கிடுவேன், அதிரும்!”

கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் செய்தது இதுதான்.

பத்மப்ரியா கையுறைக் கையால் கேசட்டை எடுத்துப் பார்த்தாள், நாடாவைப் பென்சிலால் சுற்றி இறுக்கினாள். தன்னுடைய மெஷினைப் பக்கத்தில் வைத்தாள். செந்தில்வேல் டேப்ரிக்கார்டர் வயரை மின்விசிறிக்குப் பக்கத்திலிருந்த பிளக்கில் செருகினான். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார்கள். புழுக்கத்தில் எல்லாரும் அவிந்துபோய் உட்கார்ந்திருந்தோம்.

முதலில் இரைச்சல்தான். காற்று. யாரோ இருமினார்கள். தூரத்தில் ஒரு நாய். ஒரு ஆள், “அண்ணே, தள்ளி வைங்க, மழை படுது” என்றான். பிறகு சங்கு.

அடிவயிற்றிலிருந்து கிளம்பி ஏறி ஏறி மேலே போய் நின்றது அது. டேப்ரிக்கார்டர் தாங்காமல் கிறீச்சிட்டது. நிற்கும் நிற்கும் என்று பார்க்கிறோம், நிற்கவில்லை. கடைசித் தடவை என்று ஊதினவன் கையை எடுக்க மனசில்லாமல் பிடித்துக்கொண்டே இருந்திருப்பான். டிக்சன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

அப்போதுதான் அக்கா எழுந்தாள். கையில் அரைத்த தேங்காய். சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள், எங்கள் எல்லாரையும் தாண்டி, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். செருப்பில்லை. அறுபத்தெட்டு வயசுக்காரி, முட்டுவலிக்காரி, மாடிப்படி ஏற முடியாதவள். தெருவில் இறங்கி என் மில் வரைக்கும் ஓடிவிட்டாள். மில் சுவரில் கையை வைத்து நின்றுகொண்டு, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தாள்.

நான் பின்னாலேயே ஓடிப்போய்ப் பிடித்தேன்.

“நேரங்கெட்ட நேரத்துல ஊதுதுல்லா ஈவா” என்றாள். “அவிய உள்ள இருக்காவளோன்னு…”

அந்தச் சுவரோரமே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அண்ணன் செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. உள்ளே டேப்பை நிறுத்தின சத்தம் கேட்டது. இரண்டு பிள்ளைகளும் ஓடிவந்தார்கள். வேல்ராஜ் ஒரு கையையும் செந்தில்வேல் ஒரு கையையும் பிடித்துத் தூக்கினார்கள். கூட்டத்தில் ஒருத்தி, “சங்கு உடைஞ்சு போச்சோ?” என்று இன்னொருத்தியிடம் கேட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, “போளா சவமே, உன் மல்லிய எடுத்துட்டுப் போ” என்று விரட்டினேன்.

பத்மப்ரியா போகும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. காப்பி போதும் என்றாள். அக்காதான் கேசட்டையே கொடுத்தாள். “இங்கன இருந்தா பூசணம் புடிக்கும். அந்த ஊர்ச் சங்கு, அந்த ஊருலயே இருக்கட்டும்” என்றாள். டிக்சனைப் பார்த்துக் கையைக் காட்டிச் சம்மதம் கேட்டாள். அவர் சைகையைப் புரிந்துகொண்டு தலையை ஆட்டினார். பத்மப்ரியா அவருக்கு இன்னொரு கேசட்டில் பதிந்து அனுப்புகிறேன் என்று காகிதத்தில் எழுதிக் காட்டினாள். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். தேங்காயும் மீனும் மணக்கிற கையை. வெகுநேரம் விடவில்லை.

கார் போனதும் தெரு என்ன பேசியது என்று சொல்லவேண்டுமா? கர்நாடகாக்காரி கையுறை போட்டு ஒரு சின்னப் பெட்டிக்குள் எதையோ வைத்துக்கொண்டு போனாள். செண்பகம் அழுதாள். பிள்ளைகள் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். அப்படியானால் வலம்புரி விலை போய்விட்டது. கேசட்டாம், சங்குச் சத்தமாம், யார் காதில் பூச்சுற்றுகிறாள்? மூன்று தெருவுக்கு இந்தக் கதை போய்விட்டது.

நான் அங்கேயே இருந்தேன். செந்தில்வேல் கிளம்புகிறேன் என்றான், ஆனால் கிளம்பவில்லை. வேல்ராஜ் கடைக்குப் போகவேண்டும் என்றான், போகவில்லை. ஒருத்தன் இருக்கும்போது இன்னொருத்தன் போக மாட்டான் என்று எனக்கு விளங்கிவிட்டது. அக்கா தட்டை எடுத்து வைத்தாள். சோறு, கீரிச்சாளைக் குழம்பு, வெண்டைக்காய் வதக்கல். அடுப்படி மேட்டில் சோற்றுப்பானை ஆடியது. வேல்ராஜ் குனிந்து அதற்கு ஓர் ஓட்டுச் சில்லை முட்டுக்கொடுத்து வைத்தான். உடைத்த கை அதுதானே. முத்துச்செல்வி மாடிக்குப் போகாமல் குழம்பு ஊற்றினாள்.

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். செந்தில்வேல் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினான். அக்கா எதிரே உட்கார்ந்து, அவர்கள் கை தட்டுக்கும் வாய்க்கும் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷம் அவள் கேட்டது இதுதான்.

கை கழுவிவிட்டு வந்த வேல்ராஜ் துண்டில் துடைத்துக்கொண்டே தொண்டையைக் கனைத்தான். தம்பியை ஒரு பார்வை பார்த்தான். தம்பியும் அவனைப் பார்த்தான்.

“எம்மா” என்றான் வேல்ராஜ். “இது சரி. கேசட்டு, மைன்ஸ் சங்கு, எல்லாம் சரி. அப்ப… அந்த இன்னொரு சங்கு?”

அட, சவத்த மூதிகளா! பெற்றவள் தெருவில் விழுந்து அழுததை இப்போதுதானே இரண்டு கையையும் பிடித்துத் தூக்கினீர்கள்! வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் தொடையில் கையை வைத்து அழுத்தினாள்.

கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தவள் அவள். பொய் சொல்லத் தெரியாதவள். நிமிர்ந்து மூத்தவனைப் பார்த்தாள், பிறகு சின்னவனைப் பார்த்தாள்.

“அதப் பத்தி நாளைக்குப் பேசுவோம்லே” என்றாள். “நாளைக்கு ஞாயித்துக்கெழமதான. ரெண்டு பேரும் பிள்ளைகளக் கூட்டிகிட்டு வாங்க. ஒருத்தன் இல்லாம ஒருத்தங்கிட்ட சொல்ல மாட்டேன்.”

இரண்டு பேர் முகத்திலும் வந்த பிரகாசத்தைப் பார்க்க வேண்டுமே. “காலையிலயே வந்திருதேன்” என்றான் செந்தில்வேல். “நானும் கடை தொறக்கல” என்றான் வேல்ராஜ்.

சாயங்காலம் வெயில் இறங்கின பிறகு அக்கா மில்லுக்கு வந்தாள். தலையில் பெரிய தூக்குச்சட்டி. ஊறவைத்து வடித்த ஈரப் பச்சரிசி. மிளகாய் அரைத்த மிஷின் என்பதால் ஒரு கை வெறும் அரிசியை விட்டு ஓட்டிக் காரத்தைத் தள்ளினேன். எனக்குக் கோபம் ஆறவில்லை.

“ஏன் யக்கா இப்பிடிச் சொன்னிய? இல்லவே இல்லன்னு முகத்துக்கு நேரா சொல்லிரலாம்லா? இனி உங்கள விடுவானுவளா?”

“இல்லன்னு மூணு வருசம் சொன்னேம்ளா” என்றாள் அக்கா. “எவன் வந்தான்?”

தூக்கைத் திறந்து அரிசியை அவளே தொட்டியில் கொட்டினாள். “இடியாப்பத்துக்கு. நல்லா நைசாத் திரி. சின்னவனுக்குத் தேங்காப்பால் ஊத்திச் சாப்பிட்டாத்தான் இறங்கும்” என்றாள். நான் பெல்ட்டை மாட்டி மிஷினை ஓட்டினேன்.